மதுரையில் நாயக்கர் காலச் சுவடுகள்

நுழையும்முன்

ஓர் அரசு வீழ்ந்தபின் அதன் படைகளும் கொடிகளும் மறைந்துவிடுகின்றன. ஆயினும் மக்கள் பேசும் சொல்லிலும், நடக்கும் தெருவிலும், கூடும் திருவிழாவிலும் அவ்வரசின் தடங்கள் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. வேற்றுமொழி பேசி வந்தோர் ஒரு மண்ணை ஆண்டு, அம்மண்ணின் மக்களாகவே மாறிய வரலாறு உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்துள்ளது. மதுரையில் நிகழ்ந்த அத்தகைய வரலாற்றையும், அது விட்டுச்சென்ற பண்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வந்தவரும் வாழ்ந்தவரும்

ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த வைக்கிங்குகள் கடலோடிகள். போர்த்தொழிலிலும் வணிகத்திலும் வல்லவர்கள். கி.பி. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தை அவர்கள் தாக்கினர். அந்நிகழ்வைக் கொண்டே வைக்கிங்குகளின் காலம் தொடங்குவதாக வரலாற்றாசிரியர் பலர் கணக்கிடுவர். கொள்ளையிட வந்தவர்களுள் பலர் பின்னர் இங்கிலாந்திலேயே தங்கி உழவராயினர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் அவர்களது அதிகாரம் மறைந்தது. ஆனால், வானத்தையும் முட்டையையும் சாளரத்தையும் குறிக்க இன்று ஆங்கிலேயர் வழங்கும் ஸ்கை, எக், விண்டோ ஆகிய சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'பி' என்பதும் ஊரைக் குறிக்கும் அவர்களது சொல்லாகும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு வரலாறு தமிழகத்தின் தென்பகுதியில், வைகைக்கரையில் நிகழ்ந்தது. கடல்வழி வந்தவர்களால் அன்றி, விசயநகரப் பேரரசின் படையோடு தரைவழி வந்த தெலுங்கு பேசும் தலைவர்களால் அவ்வரலாறு எழுதப்பட்டது. அவர்களே மதுரை நாயக்கர்கள். 1529 முதல் 1736 வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவர்களது ஆட்சி நீடித்தது.

ஆட்சியின் தோற்றம்

பாண்டியர் பேரரசு நலிந்தபின், பதினான்காம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. விசயநகர இளவரசர் குமார கம்பணர் அவ்வாட்சியை வென்றார். அவ்வெற்றியை அவருடைய மனைவி கங்காதேவி 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். அதன்பின் மதுரை விசயநகரப் பேரரசின் பகுதியாயிற்று. 'நாயக்கர்' என்னும் சொல் தலைவர் என்று பொருள்படும். படைஉதவி செய்வதற்கு ஈடாக நிலப்பகுதிகளைப் பெற்று ஆண்ட தலைவர்களை விசயநகர அரசு அப்பெயரால் வழங்கியது.

கிருஷ்ணதேவராயர் காலத்தில் நாகம நாயக்கரின் மகன் விசுவநாத நாயக்கர் மதுரையின் ஆட்சியாளரானார். அவருக்கு அமைச்சராகவும் தளவாயாகவும் துணைநின்றவர் தமிழரான அரியநாத முதலியார். வந்த ஆட்சியாளரும் உள்நாட்டு அறிஞரும் இணைந்து நாட்டை வடிவமைத்தமை இவ்வாட்சியின் தொடக்கத்திலேயே காணப்படும் சிறப்பு. மீனாட்சியம்மன் கோவிலின் ஆயிரங்கால் மண்டபம் அரியநாதர் எழுப்பியதாகும். அதன் முகப்பில் குதிரைமீது அமர்ந்த வீரராக அவருடைய சிற்பம் இன்றும் காட்சியளிக்கிறது.

பாளையங்களும் ஊர்ப்பெயர்களும்

நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தமை நாயக்கர் ஆட்சியின் பெரும் நிருவாக மாற்றமாகும். பாளையத்தின் தலைவர் பாளையக்காரர் எனப்பட்டார். வரி தண்டுதல், காவல் காத்தல், படை வைத்திருத்தல், வழக்குத் தீர்த்தல் ஆகியன அவருடைய கடமைகள். வருவாயில் ஒரு பங்கை மதுரைக்குச் செலுத்தி, போர் வரும்போது படையுடன் வந்து அவர் உதவவேண்டும். தெலுங்கு பேசுவோர் மட்டுமன்றி, அந்தந்தப் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த தமிழ்த் தலைவர்களும் பாளையக்காரர்களாக ஏற்கப்பட்டனர். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையக்காரர் ஒவ்வொருவரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன என்பது மரபுவழிச் செய்தி.

பாளையமுறை மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. எனினும் உத்தமபாளையம், இராசபாளையம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்ப்பெயர்களில் அம்முறையும் அதன் தலைவர்களும் நிலைத்துள்ளனர். ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த தொடக்ககால எதிர்ப்புகளுக்கும் இப்பாளையங்களே களமாயின. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மன், தெலுங்கு பேசும் மரபில் தோன்றிய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர். அவருடைய வீரத்தைத் தமிழ்நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் தம் வீரமாகவே போற்றுகின்றன. வந்தவர் என்னும் வேறுபாடு மறைந்து நம்மவர் என்னும் உணர்வு நிலைபெற்றமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கல்லிலும் சுதையிலும்

நாயக்கர் காலத்தில் தமிழகக் கோவில்கள் விரிவடைந்தன. பெரிய மண்டபங்களும் நீண்ட பிரகாரங்களும் உயர்ந்த கோபுரங்களும் எழுந்தன. ஒரே கல்லில் செதுக்கிய தூண்களில் பாயும் யாளிகளும், குதிரை வீரர்களும், புராணக் காட்சிகளும் ஏறத்தாழ ஆளுயரத்தில் வடிக்கப்பட்டன. இறைத்திருமேனிகளோடு அரசர், அரசியர் உருவங்களையும் வணங்கிய கைகளுடன் தூண்களில் அமைப்பது இக்காலத்தில் பெருவழக்காயிற்று.

இவ்வகைக் கலையின் உச்சமாகத் திகழ்வது புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, வசந்த விழாவிற்காகத் திருமலை நாயக்கர் இதனைக் கட்டினார். இதன் 124 தூண்களுள் நடுவரிசையில் உள்ள சிலவற்றில் நாயக்க மன்னர்களின் உருவங்கள் வரிசையாக இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் தையற்கலைஞர், புத்தக வணிகர், பாத்திர வணிகர் எனப் பலரும் இங்குக் கடை நடத்தினர். திருவிழாவிற்கு வேண்டிய உடைகளைத் தைத்துப்பெற மக்கள் தலைமுறை தலைமுறையாக நாடிய இடமும் இதுவே. மண்டபத்தைக் காக்கும் நோக்குடன் அண்மைக்காலத்தில் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. புதுமண்டபத்திற்குக் கிழக்கே முற்றுப்பெறாத இராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுவிட்டது. அதன் நிலைக்கால்களின் உயரமே திட்டமிடப்பட்ட கோபுரத்தின் பேரளவை உணர்த்தும்.

1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், செங்கல்லாலும் சுண்ணாம்புச் சுதையாலும் ஆனது. இந்தியக் கட்டடக்கலையும் இசுலாமியக் கட்டடக்கலையும் அங்கு ஒன்றுகலந்துள்ளன. பருத்த தூண்களும் வளைவுகளும் குவிமாடங்களும் சூழ்ந்த 'சொர்க்கவிலாசம்' என்னும் பேரவை இன்றும் காண்போரை வியக்கச் செய்கிறது. எனினும், இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியே. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இதன் பகுதிகளைப் பெயர்த்து அங்குக் கொண்டுசென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் எஞ்சிய பகுதி பழுதுபார்க்கப்பட்டது. பின்னர் நீதிமன்றமாகப் பயன்பட்டு, இப்போது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இரண்டு விழாக்கள் ஒன்றாதல்

மதுரையின் அடையாளமாக இன்று உலகம் அறிந்திருப்பது சித்திரைத் திருவிழா. அதன் இன்றைய வடிவமும் நாயக்கர் காலத்தில் உருவானதே. முற்காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசித் திங்களில் நடைபெற்றன. அழகர் மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, மதுரைக்கு மேற்கே வைகைக்கரையிலுள்ள தேனூருக்குச் சித்திரையில் எழுந்தருள்வது தனி விழாவாக இருந்தது. ஒன்று சைவ விழா. மற்றொன்று வைணவ விழா.

மாசி அறுவடைக்காலம். உழவர்கள் வயலைவிட்டு வருதல் அரிது. பெருந்தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். இந்நிலையில், திருமலை நாயக்கர் மீனாட்சியின் விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் வருகையை மதுரையோடு இணைத்தார் என்பர். உடன்பிறந்தாளின் திருமணத்தைக் காண அழகர் வருகிறார். வருவதற்குள் திருமணம் முடிந்துவிட, சினந்து ஆற்றோடு திரும்புகிறார் என்னும் கதை மக்கள் வழக்கில் தோன்றியது. சமயங்களை இணைத்த அரசாணையைக் காட்டிலும், அண்ணன் தங்கை உறவாக அதை மாற்றிக்கொண்ட மக்களின் கற்பனையே இரண்டு விழாக்களையும் பிரிக்க இயலாதவாறு பிணைத்தது.

இம்மாற்றத்தின் சான்று மதுரையின் தெருக்களிலேயே உள்ளது. சித்திரைத் தேர்கள் இன்றும் வலம்வருவது மாசி வீதிகளில்தான். திங்கள் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. ஓர் ஊரின் தெருப்பெயர்களைக் கூர்ந்து நோக்குவோருக்கு, ஏட்டில் எழுதப்படாத வரலாறும் புலப்படும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அழகரின் பயணம் மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் சிற்றூர்கள் அனைத்தையும் ஒன்றிணைக்கிறது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலிலிருந்து புறப்படும் அவரை வழிநெடுகிலும் மண்டகப்படிகளில் மக்கள் வரவேற்கின்றனர். தல்லாகுளத்தில் திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையை ஏற்று, வைகையில் இறங்கி, வண்டியூரில் தங்கி, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு அருள்புரிகிறார். தேனூரில் நிகழ்ந்த பழைய விழாவின் நினைவை அம்மண்டபத்தின் பெயர் தாங்கி நிற்கிறது.

மற்றொரு சடங்கும் இங்குக் கருதத்தக்கது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிடேகம் நடைபெற்றுச் செங்கோல் வழங்கப்படுகிறது. அச்செங்கோலைப் பெற்று அரண்மனைக்குக் கொண்டுசென்று, அரியணையில் வைத்து வழிபட்டுத் திருப்பியளிப்பது நாயக்க மன்னரின் வழக்கமாக இருந்தது என்று மரபுச் செய்திகள் கூறுகின்றன. நாட்டின் அரசி மீனாட்சி. மன்னர் அவளுடைய சார்பாளர் என்பதே இச்சடங்கின் பொருள். வேற்றுமொழி பேசும் அரசமரபு வாளால் பெற்ற நாட்டை, அந்நாட்டுத் தாய்த்தெய்வத்தின் கையிலிருந்து மீண்டும் ஒருமுறை பெற்றுக்கொண்டது.

நீரும் சாலையும்

மதுரையின் கிழக்கே அமைந்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் திருமலை நாயக்கரின் ஆக்கமே. அரண்மனைக்கு வேண்டிய செங்கல்லுக்காக மண் எடுத்த இடமே குளமாயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார் உருவமே மீனாட்சியம்மன் கோவிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் கூறுவர். ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ள இக்குளத்தின் நடுவே மைய மண்டபம் அமைந்துள்ளது. திருமலை நாயக்கர் பிறந்த விண்மீனாகிய தைப்பூசத்தில் இங்குத் தெப்பத்திருவிழா நடைபெறுகிறது. பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்த இக்குளத்திற்கு அண்மைக்காலத்தில் வைகையிலிருந்து வாய்க்கால்வழி மீண்டும் நீர் கொண்டுவரப்படுகிறது. கட்டடத்தைக் காப்பது போலவே, அதற்கு உயிர்தரும் நீர்வழியைக் காப்பதும் மரபைக் காப்பதே என்பதை இது உணர்த்துகிறது.

பேரன் சிறுவனாக இருந்தமையால் 1689 முதல் 1706 வரை ஆட்சிப்பொறுப்பை ஏற்ற இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றார். தென்மாவட்டங்களில் பழைய சாலைகளை 'மங்கம்மாள் சாலை' என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உள்ளது. மதுரைத் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் விளங்குகிறது. அவரோடு தொடர்புடைய தமுக்கம் அரண்மனை, 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

மொழியும் தொழிலும்

ஆட்சியாளரின் மொழி தெலுங்காக இருப்பினும், தமிழ் புறக்கணிக்கப்படவில்லை. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றினார் என்பது இலக்கிய மரபு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, தமிழ் கற்றுத் தமிழிலேயே உரைநடை நூல்கள் இயற்றினார்.

இரு மொழியினரும் அருகருகே வாழ்ந்தமையால் சொற்கள் இடம்பெயர்ந்தன. துரை, ரவிக்கை, பண்டிகை, எச்சரிக்கை, சாகுபடி, வேடிக்கை முதலியவற்றைத் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களாக மொழியறிஞர் பட்டியலிடுவர். இவற்றுள் அரண்மனைச் சொற்களைக் காட்டிலும் வயலிலும் வீட்டிலும் வழங்கும் சொற்கள் மிகுதி. வைக்கிங்குகளின் சொற்கள் ஆங்கிலேயரின் அடுப்பங்கரைவரை சென்றமை போன்றதே இதுவும். அரசவைத் தொடர்பினால் மட்டும் இத்தகைய கலப்பு நிகழாது. அண்டைவீட்டு உறவே இதனை நிகழ்த்தும்.

படையோடு வந்தோருக்குப்பின் உழவரும் நெசவாளரும் வந்தனர். கரிசல் மண்ணைத் திருத்திப் பருத்தியும் கம்பும் விளைவித்த தெலுங்கு பேசும் உழவர்களின் புலம்பெயர்வைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' என்னும் புதினமாக்கினார். அதன் தொடர்ச்சியாகிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இராசகம்பளத்தார் தேவதுந்துபி என்னும் இசைக்கருவியின் முழக்கத்திற்கேற்ப ஆடும் தேவராட்டம் இன்று தமிழகத்தின் நாட்டுப்புறக் கலைகளுள் ஒன்று.

குசராத்துப் பகுதியிலிருந்து விசயநகரம் வழியாகத் தெற்கே வந்த சௌராட்டிர நெசவாளர்கள் மதுரையில் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் குடியேறினர். துணியில் சிறுசிறு முடிச்சுகளிட்டுச் சாயத்தில் நனைத்து, பின் முடிச்சுகளை அவிழ்த்து வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும் சுங்குடிச் சேலை அவர்களது கைவண்ணம். மதுரைச் சுங்குடி இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இச்சமூகத்தில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரலே தமிழ்த் திரையிசையின் குரலாக நெடுங்காலம் ஒலித்தது.

தெரிந்து தெளிவோம்

மதுரைக் கோட்டை மதில் 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. நகரம் மதிலைத் தாண்டி வளர்ந்தது. கோட்டை இருந்த எல்லையை இன்றைய வெளி வீதிகள் உணர்த்துகின்றன. பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகில் கொத்தளத்தின் எச்சம் ஒன்று எஞ்சியுள்ளது.

புகழின் மறுபக்கம்

எழில்மிகு மண்டபங்களைப் போற்றும்போது, அவற்றிற்காக வரி செலுத்தியவர்களையும் கல் சுமந்தவர்களையும் மறத்தலாகாது. நாயக்கர் காலம் போர்கள் மிகுந்த காலமாகும். விசயநகரப் பேரரசிடமிருந்து விடுபட விரும்பிய திருமலை நாயக்கர் தக்காணத்துச் சுல்தான்களின் துணையை நாடினார். அதன் விளைவாக அவர்களுக்கே திறைசெலுத்த நேர்ந்தது. மைசூர்ப் படையெடுப்பின்போது, பிடிபட்டோரின் மூக்கை அறுத்த கொடுமையால் ஒரு போர் 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர்பெற்றது. பின்வந்தோர் காலத்தில் போரும் பஞ்சமும் சேர்ந்து மக்களை வாட்டியதை அக்காலச் சேசுசபைக் குருமார்களின் கடிதங்கள் எடுத்துரைக்கின்றன.

இம்மறுபக்கத்தை மக்களின் நினைவும் பாதுகாத்துள்ளது. திருமலை நாயக்கர் காலத்தில் கள்வரை அடக்கி மதுரையைக் காத்த வீரன், பின்னர் மன்னரின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான் என்பது மதுரைவீரன் கதை. குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவனை மக்கள் காவல்தெய்வமாக்கினர். தண்டித்த மன்னரின் திருப்பணிகள் நிறைந்த அதே கோவிலில், கிழக்குக் கோபுரத்தின் அருகே மதுரைவீரனுக்கும் சன்னிதி உண்டு. அரசர் எழுப்பிய கற்றூண்கள் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. எளியோர் பாடிய கதைகள் மற்றொரு வரலாற்றைச் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முழுமையான வரலாற்றறிவாகும்.

மரபின் பொருள்

1736இல் அரசி மீனாட்சியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. சந்தா சாகிபின் வஞ்சகத்தால் நாட்டை இழந்த அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார் என்பர். ஆட்சி முடிந்தபின் வந்தவர்கள் திரும்பிச் செல்லவில்லை. செல்வதற்கு வேறொரு நாடும் அவர்களுக்கு இல்லை. அவர்களது திருவிழா மதுரையின் திருவிழாவாயிற்று. அவர்களது சொற்கள் தமிழ்ச்சொற்களோடு கலந்தன. அவர்களது வீரர்கள் தமிழ்க் கதைப்பாடல்களின் தலைவர்களாயினர்.

ஒரு பண்பாடு தூய்மையாக, தனித்து நின்றே சிறக்கும் என்னும் எண்ணத்தை இவ்வரலாறு மறுக்கிறது. சங்ககாலம்முதல் தொடரும் மதுரையின் தொன்மை, வந்தவர்களால் குறைந்துவிடவில்லை. அவர்களையும் தனதாக்கிக்கொண்டு மேலும் செழித்தது. சிதைந்த தூணையும், தூர்ந்த வாய்க்காலையும், வழக்கொழியும் கலைகளையும் காக்கும் கடமை இன்றைய தலைமுறைக்கு உண்டு. அக்கடமையைச் செய்வோர், யாருடைய மரபு என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆற்றில் இறங்கும் அழகரைக் காண வைகைக்கரையில் திரளும் மக்களுள் யார் வந்தவர், யார் இருந்தவர் என்று எவராலும் பிரித்தறிய இயலாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஊர்ப்பெயர்கள், தெருப்பெயர்களைத் தொகுத்து, அவற்றின் காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. வேற்றுமொழியிலிருந்து வந்து உங்கள் வட்டார வழக்கில் கலந்துள்ள சொற்களைப் பட்டியலிட்டு, அவை எத்தொழில் சார்ந்தவை என வகைப்படுத்துக.

3. 'கற்றூண் கூறும் வரலாறும் கதைப்பாடல் கூறும் வரலாறும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.